மேட்டில் நின்ற வண்டி

போன வாரம் தொலைக்காட்சியில் நாலு பேர் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். கஞ்சா மாதிரியான போதைப் பொருளைப் பயன்படுத்துகிறவர்களைக் குற்றவாளிகளாக நடத்துவதை நிறுத்தலாமா, கூடாதா என்பது பேச்சு. ஒருவர், நாடு குட்டிச்சுவராகிவிடும் என்றார். இன்னொருவர் வெளிநாடுகளின் பெயராக அடுக்கினார். இவர்களில் ஒருவராவது பெற்ற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன் படி ஏறியிருப்பாரா என்று எனக்கு எரிச்சல் வந்தது. அணைத்துவிட்டு அரிசி களையப் போனேன். ஐந்து நிமிடத்தில் ஃபோன் அடித்தது. என் அக்கா.

"டிவி பாத்தியாடி?"

"பாத்தேன். அமத்திட்டேன்."

"நான் முழுசா பாத்தேன். ஓரத்துல ஒரு அம்மா உக்காந்திருந்தாங்கல்ல, அவங்களைப் பேசவே வுடல பாரு. கடைசி வரைக்கும் கையைத் தூக்கிட்டே இருந்தாங்க, பாவம்."

இதுதான் என் அக்கா. நான் அணைத்துவிடுவேன், அவள் கடைசி வரை உட்கார்ந்து யாரைப் பேச விடவில்லை என்று பார்ப்பாள். அவளைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருக்கிறேன். எழுதினால் நான் செய்த ஒரு காரியத்தையும் சேர்த்து எழுத வேண்டும். அதனால்தான் இத்தனை நாள் தள்ளிப் போட்டேன்.

நான் அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் வகுப்பில் மட்டுமில்லை, எங்கள் தெருவிலும் எல்லோருக்கும் தெரியும். அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். வேப்பந்தட்டையிலிருந்து உள்ளே போகிற ஒரு ஊரில் வாழ்க்கைப்பட்டவள். எட்டாம் வகுப்போடு நின்றவள். அத்தான் பதினெட்டு வருடமாக வளைகுடாவில் கட்டட வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போவார். மீதி நாளெல்லாம் அக்காதான் ஆம்பிளையும் பொம்பிளையும். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போடுவாள். கிணற்று மோட்டார் நின்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன்னால் தானே ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடுவாள். என்னைக் கல்லூரிக்கு அனுப்பியதே அவள் வெங்காயம்தான்.

அவளுக்கு ஒரே பிள்ளை. அப்போது அவனுக்கு இருபத்து மூன்று வயது. டிப்ளமா முடித்துவிட்டு ஒரு கல் குவாரியில் எடை மேடையில் வேலை பார்த்தான். அத்தான் தன் கம்பெனியிலேயே அவனுக்கு ஓர் இடம் பேசி வைத்திருந்தார். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். அது வந்ததும் கிளம்ப வேண்டியதுதான் பாக்கி என்று இருந்த சமயம்.

அந்தப் பக்கம் வெங்காயம் போடுகிறவர்கள் விதைக் காயைப் பட்டறை போட்டு வைப்பார்கள். தரையிலிருந்து தூக்கி, மூங்கில் தட்டி கட்டி, காற்றோட்டமாக அடுக்கி, மேலே கீற்று மூடிய ஒரு கூடு அது. அழுகல் ஒன்று விழுந்தால் பக்கத்துக் காயையும் கெடுக்கும் என்பதால் அடிக்கடி பிரித்துப் பொறுக்க வேண்டும். அக்கா நாலு நாளைக்கு ஒருமுறை பிரிப்பாள். அவள் வயிற்றில் பிறந்து, அந்தப் பட்டறைக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவன், தன் கஞ்சாப் பொட்டலத்தைக் கொண்டுபோய் அந்தப் பட்டறைக்குள் சொருகி வைத்தான். நாற்றம் தெரியாது என்று நினைத்தானாம். இவ்வளவு பெரிய மக்கை நான் என் வகுப்பில்கூடப் பார்த்ததில்லை.

ஒருநாள் காலையில் பட்டறையைப் பிரித்தபோது அது அக்கா கையில் சிக்கியது. அன்றைக்கு மத்தியானமே எனக்கு ஃபோன் செய்தாள்.

"ஒரு பொட்டலம் கெடச்சிருக்குடி. கேட்டேன், ஒத்துக்கிட்டான். ஒரு வருசமா இருக்காம். ஷிப்டு மாறி மாறி தூக்கமே வரலம்மா, இதை அடிச்சாதான் கண்ணு சொக்குதுங்குறான். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. என்ன பண்றது?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மாதம்தான் எங்கள் பள்ளியில் போதை ஒழிப்பு ஊர்வலம் நடந்திருந்தது. முன்னால் நின்று கோஷம் போட்டவள் நான். பிள்ளைகள் பின்னால் ஒழிப்போம் ஒழிப்போம் என்று கத்திக்கொண்டு வந்தார்கள். இப்போது என் சொந்த அக்கா பிள்ளை!

"செல்லம் குடுத்துச் செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்க. நாளைக்குக் காலைல ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போ. பொட்டலத்தையும் எடுத்துட்டுப் போ. நாலு தட்டு தட்டி, மிரட்டி அனுப்புவாங்க. அப்பதான் பயம் வரும்" என்றேன்.

எங்கள் பக்கத்தில் பெற்றவர்களுக்கு இப்படி ஒரு நம்பிக்கை உண்டு. பிள்ளை சொல்பேச்சு கேட்கவில்லை என்றால், தெரிந்த போலீஸ்காரரிடம் சொல்லி ஒரு அதட்டல் போடச் சொல்வது. அவரும் மீசையை முறுக்கிக்கொண்டு வந்து ஒரு அதட்டல் போடுவார். டீ குடித்துவிட்டுப் போவார். அந்த நினைப்பில்தான் சொன்னேன். அக்காவும் அந்த நினைப்பில்தான் சரி என்றாள்.

ஆனால் நான் அதோடு நிற்கவில்லை. அக்கா மனசு இளகிவிடும், காலையில் அவனுக்கு இட்லி ஊற்றி வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒரு எண் ஒட்டியிருந்தது. போதைப் பொருள் பற்றித் தகவல் சொல்லலாம், சொல்பவர் விவரம் ரகசியமாக வைக்கப்படும் என்று போட்டிருந்தது. அந்த எண்ணைக் கூப்பிட்டேன். ஊரைச் சொன்னேன், அவன் பேரைச் சொன்னேன், எங்கே வேலை பார்க்கிறான் என்று சொன்னேன். நாளைக்கு அவர்களாக வராவிட்டால் நீங்களே போய்ப் பிடியுங்கள் என்றும் சொன்னேன். எதிர்முனையில் இருந்தவர், "நீங்க யாரு மேடம்?" என்று கேட்டார். "ஒரு ஆசிரியை" என்றேன். ஐயோ, அதைச் சொல்லும்போது எனக்கு இருந்த பெருமையை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

மறுநாள் நடந்ததை அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மொபெட்டில் அவனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போயிருக்கிறாள். பொட்டலத்தைத் தொடப் பிடிக்காமல் அவனையே எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். அவன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். ஸ்டேஷனில் எஸ்.ஐ. சின்ன வயசுக்காரர். இவர்கள் மேசைமேல் பொட்டலத்தை எடுத்து வைத்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாராம்.

"எதுக்கும்மா இதைத் தூக்கிட்டு இங்க வந்தீங்க?"

"நாலு தட்டு தட்டி, புத்தி சொல்லி அனுப்புங்க சார். அவங்கப்பாவும் ஊர்ல இல்ல."

"தட்டுறதெல்லாம் இப்ப ஆகாதும்மா. மேல பாருங்க, கேமரா. கேஸ்தான் போட முடியும். பாத்ததுக்கப்புறம் பாக்கலைன்னு என்னால சொல்ல முடியாது."

அக்கா அவர் காலில் விழப் போயிருக்கிறாள். அவர் எழுந்து நின்றுவிட்டாராம். மகன்தான் அவளைப் பிடித்துத் தூக்கி, "வூட்டுக்குப் போம்மா, மாட்டுக்குத் தண்ணி காட்டலை" என்றானாம். இவ்வளவுதான் அவள் என்னிடம் சொன்னாள்.

பன்னிரண்டு நாள் உள்ளே இருந்தான். ஜாமீன் கிடைத்து அவன் வெளியே வந்த அன்று நான் போயிருந்தேன். இளைத்திருந்தான். என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான். ஆட்டோவில் வரும்போது சொன்னான்: "உள்ள நான் என்ன கேஸ்னு கேட்டுட்டு எல்லாரும் சிரிச்சாங்க சித்தி. இத்தனூண்டுக்கா வந்தன்னாங்க. ஒருத்தரு நம்பர் எழுதிக் குடுத்திருக்காரு. வெளிய போனதும் கூப்புடு, விக்கிற வேலை இருக்கு, குவாரில என்னடா குடுக்குறான்னாரு."

அக்கா கையை நீட்டினாள். அவன் அந்தத் துண்டுச் சீட்டைக் கொடுத்தான். அவள் படிக்கக்கூட இல்லை. வாயில் போட்டு மென்று, ஆட்டோவுக்கு வெளியே துப்பினாள். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. புத்தி வர வேண்டும் என்று நான் அனுப்பிய இடத்தில் அவனை வேலைக்கு எடுக்கப் பார்த்திருக்கிறார்கள்.

பாஸ்போர்ட் நின்றுபோனது. வழக்கு இருக்கிறதே, எப்படி வரும்? அத்தான் அங்கிருந்து ஃபோனில் அழுதார். கம்பெனியில் அந்த இடத்தை எத்தனை நாளைக்குப் பிடித்து வைக்க முடியும் என்று அவருக்கே தெரியவில்லை. ஊரில் பெரிய மனுஷன் மாதிரி பேசுகிற நாலு பேர் வந்து, குற்றத்தை ஒத்துக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்றார்கள். எல்லோரும் அப்படித்தான் செய்வார்களாம். நானும் அதைத்தான் சொன்னேன். எனக்கு அது சீக்கிரம் முடிந்தால் போதும் என்று இருந்தது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

பெரம்பலூரில் ஒரு பெண் வக்கீல். தையல் கடைக்கு மாடியில் ஆபீஸ். அவரும் முதலில் அதையேதான் சொன்னார். அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஃபைனைக் கட்டிட்டா அந்தப் பேரு போயிடுங்களாம்மா?"

"போகாதுங்க. தண்டனைன்னு பதிவாயிடும். வெளிநாடு, கவர்மெண்ட் வேலைன்னா எங்க கேட்டாலும் சொல்லியாகணும்."

"அப்ப வேண்டாங்க" என்றாள் அக்கா.

எனக்கு எரிச்சல். "ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிற? வருஷக்கணக்கா இழுக்கும். கோர்ட்டுக்கு அலைய முடியுமா உன்னால?" என்று அங்கேயே சத்தம் போட்டேன். அக்கா என் பக்கம் திரும்பவில்லை. வக்கீல் மேசையில் இருந்த போலீஸ் காகிதத்தைக் காட்டி, "இதுல என்ன எழுதியிருக்கு, படிங்கம்மா" என்றாள்.

வக்கீல் படித்தார். ரகசியத் தகவல் கிடைத்ததாகவும், அதன்பேரில் போய்ப் பார்த்தபோது பேருந்து நிறுத்தம் அருகே சந்தேகப்படும்படி நின்ற நபரைப் பிடித்ததாகவும் அதில் இருந்தது. ரகசியத் தகவல் என்ற இடத்தில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கீழே தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"எம்புள்ளையை யாரும் புடிக்கலைங்க" என்றாள் அக்கா. "எம்பின்னாடி உக்காந்து அவனா வந்தான். எங்க போறோம்னு தெரிஞ்சுதான் வந்தான். பாதி வழில மேட்டுல வண்டி நின்னுடுச்சு. அது பழைய வண்டி, ஏத்தத்துல எப்பவும் மக்கர் பண்ணும். நான் எறங்கி ஒதைச்சு ஒதைச்சுப் பாக்குறேன், கெளம்பல. ரெண்டு பக்கமும் சோளக்காடு. ஓடணும்னு நெனச்சிருந்தா ஒரே எட்டுல உள்ள போயிருப்பான். அந்தப் பொட்டலத்தையாவது தூக்கிப் போட்டிருப்பான். அவன் எறங்கி, நீ ஏறி உக்காரும்மான்னு சொல்லிட்டு, வண்டியத் தள்ளுனான். மேடு முடியிற வரைக்கும் தள்ளுனான். வண்டி கெளம்புச்சு. மறுபடி ஓடி வந்து பின்னாடி ஏறிக்கிட்டான். ஸ்டேஷனுக்குப் போற வண்டிங்க அது. அதைத் தள்ளுன புள்ளையை, ரோட்டுல திருட்டு முழி முழிச்சிட்டு நின்னான்னு எழுதியிருக்காங்களே."

சொல்லி முடித்ததும் அழுதாள். நானும் அழுதேன். இந்த மேட்டுக் கதையை அதுவரை அவள் என்னிடம் சொல்லவில்லை. வக்கீல் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தானா வந்தாரா? இதை ஏங்க மொதல்லயே சொல்லல?"

சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறதாம். கொஞ்ச அளவு வைத்திருந்தவர், பழக்கத்துக்கு அடிமையானவர், தானாக முன்வந்து ஆஸ்பத்திரியில் சிகிச்சை எடுத்து முடித்தால் அவர்மேல் வழக்கு நடத்தாமல் விடலாமாம். பெரும்பாலும் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. அபராதம் ஒரே நாளில் முடிகிறது, இது இழுக்கிறது என்றார். அம்மா வந்து நடந்ததை நீதிபதி முன்னால் சொல்ல வேண்டும். போலீஸ் எழுதியதற்கு மாறாகச் சொல்ல வேண்டியிருக்கும். பயப்படக் கூடாது.

"பயம் இருக்குங்க. ஆனா சொல்றேன்" என்றாள் அக்கா. படியிறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லா வாய்தாவுக்கும் நீ வரணும்டி. எனக்குக் கோர்ட்டு பாஷை புரியாது."

எப்படி மறுப்பேன்? சரி என்றேன். அன்றிலிருந்து என் தற்செயல் விடுப்பெல்லாம் பெரம்பலூர் கோர்ட் வராந்தாவில் கழிந்தது. அரியலூரில் பஸ் ஏறிப் போவேன். அவர்கள் வேப்பந்தட்டைப் பக்கமிருந்து வந்திருப்பார்கள். பேர் கூப்பிடுவார்கள், தேதி போடுவார்கள், வெளியே வருவோம். ஐந்து நிமிட வேலைக்கு அரை நாள் போகும். எங்கள் தலைமை ஆசிரியை, "யாருக்கு டீச்சர் உடம்பு சரியில்ல?" என்று கேட்டபோது நான் வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன். கோஷம் போட்ட வாய்தான்.

சிகிச்சைக்கு ஆஸ்பத்திரிக்கு அவள் மட்டும் அவனோடு போனாள். மனநல மருத்துவர் இருக்கிற நாளாகப் பார்த்து, களையெடுப்பு இருந்தாலும் மழை என்றாலும் போனாள். முதல் தடவை போய் வந்து, "டாக்டர் அவன்கிட்ட மொதல்ல என்ன கேட்டாரு தெரியுமா? எத்தனை மணிக்குத் தூங்குறன்னு கேட்டாரு. நான் பெத்தவ, ஒருநாளும் கேக்கலை பாரு" என்று சொல்லி என்னிடம் வருத்தப்பட்டாள். குவாரியில் ஷிப்டை மாற்றச் சொல்லி அவளே போய்க் கேட்டாள். மாற்ற முடியாது என்றார்கள். அவனை நிறுத்திவிட்டு வயலுக்குக் கூட்டிக்கொண்டாள்.

மூன்றாவது மாதம் அவன் மறுபடி ஒருமுறை அடித்துவிட்டான். யாரோ பழைய கூட்டாளி. அவனே வந்து அம்மாவிடம் சொன்னான். இதைக் கேட்டதும் நான் ஃபோனிலேயே கத்தினேன். "அவ்வளவுதான், தலை முழுகிடு அவனை. இந்த ஜென்மத்துல திருந்த மாட்டான்." அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "போன தடவை நான் தேடிக் கண்டுபுடிச்சேன். இந்தத் தடவை அவனா சொல்லியிருக்கான்டி. உனக்கு வித்தியாசம் தெரியலையா?" மறுநாள் டாக்டரிடம் கூட்டிப் போனாள். டாக்டர் திட்டவில்லையாம். குறித்துக்கொண்டு, அடுத்த வாரமே வரச் சொன்னாராம். கணக்கு டீச்சர் எனக்குத் தெரியாத வித்தியாசம் அவளுக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவள்மேல் எனக்கு வந்த மரியாதை ஒரு டீச்சர்மேல், ஒரு அதிகாரிமேல் எனக்கு வந்ததில்லை.

ஒருநாள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது நான் அவளிடமே கேட்டேன். கஞ்சா அடிப்பதைக் குற்றமில்லை என்று சொல்லிவிட வேண்டும் என்று சிலர் பேசுகிறார்களே, நீ என்ன சொல்கிறாய்? அவள் மகனும் பக்கத்தில்தான் இருந்தான்.

"கடை தெறந்து விக்கலாம்னா எம்வயிறு எரியும். ஒயின்ஷாப்பு ஒண்ணு போதாதா? நம்ம ஊர்ல எத்தனை தாலி அறுந்திருக்கு. விக்கிறவனை நான் சும்மா வுடச் சொல்லல. ஆனா ஒயின்ஷாப்புல குடிச்சுட்டு ரோட்டுல படுத்துக் கெடக்குறவனை யாரு ஜெயிலுக்கு அனுப்புறா? எம்புள்ளை வூட்ல தூக்கம் வரலன்னு அடிச்சான், அவனை அனுப்புனாங்க. இதுல என்ன நாயம்?"

"அப்ப குத்தமில்லைன்னு ஆக்கணுங்கிறியா?"

"எனக்குத் தெரியலடி. ஆக்குனா இன்னும் நாலு பேரு அடிப்பானோ என்னமோ, அதுவும் பயமாத்தான் இருக்கு. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். ஒரு தாயி பயப்படாம போயி, எம்புள்ளை இப்படி ஆயிட்டான்னு சொல்றதுக்கு ஒரு எடம் வேணும். அன்னைக்கு எனக்கு ஸ்டேஷனைத் தவிர வேற எடம் தெரியல. ஆஸ்பத்திரில இப்படி ஒரு டாக்டர் இருக்காருன்னு ஒருத்தரும் சொல்லல."

நாங்கள் ஊர்வலத்தில் பிடித்துக்கொண்டு போன அட்டைகளை நினைத்துப் பார்த்தேன். ஒன்றில்கூட எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று எழுதியிருக்கவில்லை. அடுத்த வருடம் நான்தான் எழுதி ஒட்டினேன். அது வேறு கதை.

பதினோராவது வாய்தாவில் நீதிபதி அக்காவைக் கூப்பிட்டார். சிகிச்சை முடிந்ததாக டாக்டர் கொடுத்த சான்று முன்னால் இருந்தது. எஸ்.ஐ.யும் வந்திருந்தார். நான் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அக்கா நல்ல சேலை கட்டியிருந்தாள். குரல் நடுங்கவில்லை. மொபெட், சோளக்காடு, மேடு, தள்ளியது எல்லாவற்றையும் வக்கீல் ஆபீஸில் சொன்னபடியே சொன்னாள்.

"வண்டி நின்னப்ப அவர் ஓடலையா?" என்று நீதிபதி கேட்டார்.

"ஓடலைங்கய்யா. தள்ளுனான்."

நீதிபதி எஸ்.ஐ.யைப் பார்த்தார். "இவங்க சொல்றது சரியா? உங்க ரிப்போர்ட்ல வேற மாதிரி இருக்கே. ரகசியத் தகவல்னு போட்டிருக்கீங்க."

எழுதியதுதான் சரி என்று எஸ்.ஐ. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அக்கா சொன்னது பொய்யாகிவிடும். அவர் தொப்பியைக் கக்கத்தில் சரிசெய்துகொண்டு சொன்னார்: "அந்தம்மாதான் ஐயா கூட்டிட்டு வந்தாங்க. பையன்தான் பொட்டலத்தை எடுத்து வெச்சான். வழக்கமா எழுதுற மாதிரி எழுதிட்டோம். தப்புதாங்கய்யா. தகவல் வந்ததும் உண்மைதான், முந்தின நாளே வந்துச்சு. ஆனா அதுக்காக நாங்க யாரும் போகல." அந்த மனுஷனை நான் கும்பிட வேண்டும். அன்றைக்கு நான் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

அக்கா திரும்பிப் பார்ப்பாள், யார் அந்தத் தகவல் சொன்னது என்று அங்கேயே கேட்பாள் என்று பயந்தேன். அவள் திரும்பவில்லை. நீதிபதி எழுதினார். வழக்கு நின்றுபோனது. வெளியே வந்ததும் அவன் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தேம்பினான். வராந்தாவில் அத்தனை பேர் பார்க்க, அவ்வளவு பெரிய பிள்ளை.

பாஸ்போர்ட் வந்தது. கம்பெனியில் அந்த இடம் போய்விட்டிருந்தது. அத்தான் கெஞ்சி வேறொன்று வாங்கினார். அவன் கிளம்புவதற்கு ரெண்டு நாள் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நான் ஊருக்குப் போனேன். அக்கா பட்டறையைப் பிரித்துப் போட்டு அழுகல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் டவுனுக்குப் பெட்டி வாங்கப் போயிருந்தான். நானும் எதிரே உட்கார்ந்து பொறுக்கினேன். இதற்கு மேல் தாங்காது என்று தோன்றியது. கையில் இருந்த வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அக்கா, அந்தத் தகவல் சொன்னது..."

"நீதான். தெரியும்."

அவள் கை நிற்கவில்லை. நல்லது ஒரு பக்கம், அழுகல் ஒரு பக்கம் போய்க்கொண்டே இருந்தது.

"எப்படி?"

"அன்னைக்கே, அவனை உள்ள கூட்டிட்டுப் போனப்புறம் எஸ்.ஐ. சொன்னாரு. நேத்தே ஒரு டீச்சரம்மா ஃபோன் பண்ணிட்டாங்கம்மா, ஊரு பேரு எல்லாம் தெளிவா சொன்னாங்கன்னு. எனக்கு எத்தனை டீச்சரைத் தெரியும்?"

"அப்பவே என்னை ஏன் கேக்கல? செருப்பால அடிச்சிருக்கலாம்ல?" நான் ஓவென்று அழுதேன்.

"கேட்டிருந்தா நீ அழுதுட்டு அரியலூரு போயிருப்ப. அப்புறம் மொகத்தைக் காட்டியிருக்க மாட்ட. எனக்குப் புள்ளையும் போயி, தங்கச்சியும் போகணுமா?"

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும். வக்கீலைப் பாக்குறதுக்கு மொதநாளே சொல்லிட்டேன். சித்தியை ஒண்ணும் கேக்காதம்மா, அதுவும் எம்மேல இருக்குற அக்கறைலதானே பண்ணுச்சுன்னான்."

நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். பதினோரு தடவை அவன் என் பக்கத்தில் அந்த வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, டீ வாங்கிக் கொடுத்து, சித்தி பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுப்பி அனுப்பியிருக்கிறான்.

அக்கா அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை அந்த முகத்தில்.

"பதினோரு வாய்தா. ஒண்ணுக்குக்கூட நீ வராம இருக்கல. போதும் வுடு" என்றாள். பிறகு கூடையை என் பக்கம் தள்ளினாள். "கொஞ்சம் நகந்து உக்காரு, வெளிச்சத்தை மறைக்கிற."

நகர்ந்து உட்கார்ந்தேன்.